ரப்பர் மீனுக்கு வாய் திறந்த கொடுவா

கொடுவா மீன் கடிக்காது. மற்ற மீனெல்லாம் கொத்திப் பார்க்கும், இழுத்துப் பார்க்கும், யோசிக்கும். கொடுவா வாயைத் திறக்கும், அவ்வளவுதான். எதிரே இருப்பது தண்ணீரோடு சேர்ந்து உள்ளே போய்விடும். அப்போது தண்ணீர் மேல் ‘டொப்’பென்று ஒரு சத்தம் கேட்கும் பாருங்கள், அதைக் கேட்டால் இந்த வயதிலும் எனக்கு வயிற்றுக்குள் குளுகுளுவென்று இருக்கும். முழுங்கினது மீன் இல்லை, ரப்பர் என்று அதற்குத் தெரிவதற்குள் தாடையில் தூண்டில் முள் ஏறியிருக்கும். பாவமாக இல்லையா என்று மருமகள் கேட்பாள். எனக்கு இல்லை. அதுவும் இத்தனை நாள் சின்ன மீனை அப்படித்தானே முழுங்கிக்கொண்டிருந்தது.

ரப்பர் மீன் எங்கிருந்து வருகிறது என்று கேட்கிறீர்களா? எங்கள் தாராவிச் சந்துக்குப் பின்னால் இருக்கிற பட்டறையிலிருந்துதான். என் மகன் அங்கே அச்சு ஊற்றுகிறான். பால் மாதிரி இருக்கும் ஒரு பிளாஸ்டிக்கைக் காய்ச்சி, சாயமும் மினுக்குப் பொடியும் போட்டு அச்சில் ஊற்றினால், ஆறியதும் கொழகொழவென்று ஒரு மீன் வரும். விரல் நீளம். வால் மட்டும் சின்னக் கரண்டி மாதிரி தட்டையாக இருக்கும். தலையில் ஈயக்குண்டு வைத்த முள்ளைக் கோத்துத் தண்ணீருக்குள் இழுத்தால் அந்த வால் படபடவென்று அடித்துக்கொள்ளும். உயிர் மீன்கூட அப்படி நீந்தாது. குமிழி விழுந்தது, வால் கோணியது என்று பட்டறையில் கழித்துப் போடுவதெல்லாம் எனக்கு. கோணல் வாலைக் கொதிக்கிற தண்ணீரில் முக்கி எடுத்து, தட்டில் நேராகப் படுக்க வைத்தால் நிமிர்ந்துவிடும். இட்லிச் சட்டியில் ஒருமுறை முக்கிவிட்டு மருமகளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். இப்போது எனக்கென்று தனியாக ஒரு பழைய டப்பா.

எங்கள் ஊர்ப்பக்கத்துக் குடும்பங்கள் சில, ஞாயிற்றுக்கிழமையானால் விக்ரோலிக்கு அந்தப்பக்கம், ஹைவேயைத் தாண்டி இருக்கும் ஓடைக்குப் போவோம். அலையாத்திக் காட்டுக்குள் கடல் தண்ணீர் ஏறி இறங்கும் ஓடை அது. நான் சயானில் ரயில் ஏறுவேன். பலகை படிக்கத் தெரியாது. காட்கோபரில் கூட்டம் இறங்கியதும் எழுந்து வாசலுக்கு வந்துவிடுவேன், அடுத்தது விக்ரோலி. லேடீஸ் டப்பாவில் தூண்டில் கம்போடு நிற்கும் கிழவியைப் பார்த்துக் கல்லூரிப் பெண்கள் போனில் படம் பிடிப்பார்கள். பிடிக்கட்டுமே.

அங்கே எங்களுக்குள் ஒரு முறை உண்டு. பெரிய மீன் ஒன்று விழுந்தால் வந்திருக்கிற எல்லா வீட்டுக்கும் பங்கு. ஆனால் யார் தூண்டில் நரம்பில் ஏறியதோ அவர்தான் பங்கு வைப்பார். தலை அவர் வீட்டுக்கு. மற்றத் துண்டு எது யாருக்கு என்பதும் அவர் சொல்வதுதான். கை நீட்டி இது வேண்டும், அது வேண்டும் என்று யாரும் கேட்கக்கூடாது. கொடுத்ததை வாங்கிக்கொண்டு போக வேண்டும்.

வெகுகாலம் பங்கு வைத்தது என் அத்தான்தான். என் அக்காவின் புருஷன். செம்பூரில் மளிகைக் கடை, திலக் நகரில் சொந்த வீடு. வெளிநாட்டுத் தூண்டில், பெட்டி நிறைய தூண்டிலில் மாட்டுகிற வண்ண வண்ணப் பிளாஸ்டிக் கட்டை மீன்கள், ஒவ்வொன்றும் எங்கள் வீட்டு மாச அரிசி விலை. என் வீட்டுக்காரர் அவர் கடையில் மூட்டை இறக்கி எடை போட்டுக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமையிலாவது முதலாளி இல்லாமல் இருக்கலாமே என்றால், ஓடைக்கரைக்கும் அத்தான் பின்னாலேயே போவார், பெட்டியைத் தூக்கிக்கொண்டு.

எங்கள் வீட்டுக்கு அத்தான் கொடுத்தது எப்போதும் வால்தான். கொடுவா வாலில் முள்ளைத் தவிர என்ன இருக்கிறது? அதைப் பையில் போட்டு என்னிடம் நீட்டிக்கொண்டே எல்லார் காதிலும் விழச் சொல்வார்:

“கொழுந்தியா, வாலு நல்லா துடிப்பா இருக்கும். ஒம் புருசன்ட்ட இல்லாதது அதுலயாவது இருக்கட்டும்!”

கரையே சிரிக்கும். என் வீட்டுக்காரரும் சேர்ந்து சிரிப்பார். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் பொறுக்க முடியாது.

என் வீட்டுக்காரர் செத்துக் காரியமெல்லாம் முடிந்து, அவருடைய மூங்கில் கம்பை எடுத்துக்கொண்டு நான் ஓடைக்குப் போனேன். அன்று அத்தானுக்கு நல்ல கொடுவா. எனக்கு வால். “இப்ப ஒத்தையாள்தான? இது காணும்லா” என்றார், வீட்டில் மகனும் மருமகளும் இருப்பது தெரிந்தே. வாங்கிக்கொண்டேன். முறை என்றால் முறைதானே.

நடுவில் ஒரு கூத்தைச் சொல்லியாக வேண்டும். நான் தூண்டில் போட ஆரம்பித்ததும், “பொம்பள நரம்பு போட்டா மீனு வெக்கப்பட்டு ஓடிரும்” என்று அத்தான் கேலி பண்ணினார். ஆனால் என் ரப்பர் மீனில் சின்னச் சின்னக் கொடுவா விழுந்ததைப் பார்த்துவிட்டு, நான் டீ குடிக்கப் போன நேரத்தில் இரண்டைக் களவாடித் தன் பெட்டியில் போட்டுக்கொண்டார். இந்த ரப்பருக்கு ஒரு குணம். சில பிளாஸ்டிக்கோடு ஒட்டிக் கிடந்தால், சூட்டில் உருகி அதையும் கரைத்துவிடும். பட்டறையில் எல்லாருக்கும் தெரியும். அடுத்த ஞாயிறு அத்தான் பெட்டியைத் திறந்தால் கட்டை மீனெல்லாம் சாயம் கழன்று, ஒன்றோடொன்று ஒட்டி, பஞ்சாமிர்தம் மாதிரி கிடக்கிறது. “இவ செய்வினை வச்சுட்டா!” என்று கத்தினார். என்னத்தைத் திருடினீக அத்தான் என்று நான் கேட்கவில்லை. சிரித்துச் சிரித்து எனக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது.

அதற்கப்புறம்தான் அவருக்கு வலப்பக்கம் இழுத்துக்கொண்டது. கை விழுந்துவிட்டது. வாய் மட்டும் கொஞ்சம் குழறினாலும் அப்படியே இருந்தது. மகன்கள் கடை கல்லாவில் உட்காரவிடவில்லை. “நீங்க வீட்ல ஆராம் பண்ணுங்கப்பா” என்று சொல்லிவிட்டார்கள். ஓடைக்கு மட்டும் அக்கா டாக்ஸி வைத்துக் கூட்டி வருவாள். காட்டுத் தண்ணீர் ஓடைக்கு இறங்கும் மடை ஓரம் நாற்காலி போட்டு உட்கார வைப்பாள். இடக்கையால் நரம்பை வீசுவார், அது காலடியிலேயே விழும்.

ஒருநாள் அக்கா என் வீட்டுக்கு வந்தாள். அவள் தாராவிக்கு வருவதே கிடையாது. வந்தாலும் முந்தானை மூக்கிலிருந்து இறங்காது. அன்று முந்தானையை இறக்கிவிட்டு என் டீயை வாங்கிக் குடித்தாள். சரி, காரியம் பெரிது என்று நினைத்துக்கொண்டேன்.

“ஏட்டி, ஒண்ணு கேட்டா செய்வியா?”

“சொல்லுக்கா.”

“இப்ப ஒன் நரம்புலதான் மீனு அடிக்கி. அடுத்தவாட்டி பெருசா ஒண்ணு ஏறுச்சுன்னா, கம்ப அவிய கையில குடுத்துரு. அவிய பிடிச்சதா இருக்கட்டும். வெட்டுததுக்கு நான் இருக்கேன். இது இன்னாருக்கு, அது இன்னாருக்குன்னு அவிய வாயால சொன்னாப் போதும்.”

“அத்தான் கேட்டாகளா?”

“அவியளுக்கு ஒண்ணும் தெரியாது. கடையும் போச்சு, கையும் போச்சு. அந்தக் கரையில பங்கு வைக்கதுதான் பாக்கி. அதுவும் இல்லன்னு ஆச்சுன்னா, மொகத்தச் சொவத்துப் பக்கம் திருப்பிப் படுத்துருவாகட்டி. அப்புறம் எந்திரிக்க மாட்டாக.”

அழுதாள். “சரிக்கா” என்றேன். டீ எப்படி இருந்தது என்று கேட்டேன். நல்லாயிருந்தது என்றாள்.

கரையில் எல்லாரிடமும் அக்கா சொல்லி வைத்திருந்தாள். அந்த ஞாயிறு தண்ணீர் இறங்குகிற நேரம். காட்டுக்குள் ஏறியிருந்த சின்ன மீனெல்லாம் மடை வழியாக வெளியே வரும், வாசலிலேயே கொடுவா நிற்கும். நான் ஒரு வெள்ளை ரப்பர் மீனைக் கோத்தேன், முதுகில் குமிழி விழுந்தது.

அத்தான் நாற்காலியிலிருந்து பார்த்தார். “என்னட்டி, ஒம் மவன் பட்டறையில கழிச்சுப் போட்டத மீனு திங்குமா?”

“நீங்க கழிச்சுப் போட்டத நாங்க திங்கலையா அத்தான்?”

யாரோ பின்னாலிருந்து ‘உஸ்’ என்றார்கள். வீசினேன். அடியில் தட்டும்வரை விட்டு, நரம்பை மெதுவாகச் சுற்றினேன். வால் அடிப்பது கைக்குத் தெரிந்தது. பிறகு, ‘டொப்’.

அம்மாடி, என்ன இழுப்பு! மூங்கில் வளைந்து தண்ணீரைத் தொட்டது. மீன் ஒருமுறை முழு உடம்போடும் மேலே வந்து தலையை உதறியது. வெள்ளி மாதிரி பளபளப்பு, வாய்க்குள் ஒரு பிள்ளை கையை விடலாம். கால் சேற்றில் புதைந்து நிற்கிறேன், தங்கூஸ் நரம்பு விரலை அறுக்கிறது, நான் சிரிக்கிறேன். அப்படி ஒரு சந்தோஷம். கல்யாணத்தில்கூட நான் அப்படிச் சிரிக்கவில்லை.

அக்கா ஓடி வந்தாள். “குடுட்டி, குடுட்டி” என்று கண்ணாலேயே கெஞ்சினாள். அத்தானை நாற்காலியோடு என் பக்கம் திருப்பினாள். கரையில் எல்லாரும் எங்களையே பார்க்கிறார்கள்.

அத்தான் இடக்கையை நீட்டினார். “கொண்டா இங்க” என்றார். கேட்கவில்லை. கடையில் என் வீட்டுக்காரரிடம் சாக்கை எடுத்து வா என்று சொல்கிற அதே குரல். அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. அக்கா போட்ட ஏற்பாடு தெரிந்து, அது வந்து சேருவதற்காகத்தான் காத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

“எதுக்கு அத்தான்?” என்றேன். “நான்தான் பிடிச்சுக்கிட்டு இருக்கேன்லா. நீங்க சும்மாதான இருக்கீக, கையத் தட்டுங்க.”

ஒருத்தருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அப்புறம் இன்னொருத்தர். எந்தக் கரை என் வீட்டுக்காரரைப் பார்த்துச் சிரித்ததோ அதே கரை. அத்தானின் கை கொஞ்ச நேரம் அப்படியே அந்தரத்தில் நின்றது. பிறகு மடியில் விழுந்தது.

மீனைச் சேற்றில் இழுத்துப் போட்டேன். கொடுவாவின் செவுள் ஓரம் பிளேடு மாதிரி, உள்ளங்கையைக் கிழித்துவிட்டது. ரத்தத்தோடேயே அரிவாள்மனையில் உட்கார்ந்தேன். தலையை என் பைக்குள் வைத்தேன். நடுத்துண்டு, வயிற்றுத்துண்டு, முதுகு என்று ஒவ்வொரு வீட்டுக்கும் கூப்பிட்டுக் கொடுத்தேன். எல்லாரும் வாங்கிக்கொண்டார்கள், யாரும் என்னைத் திட்டவில்லை. கொழுப்புள்ள வயிற்றுத்துண்டு கையில் இருக்கும்போது யார் திட்டுவார்கள்?

கடைசியில் வாலை எடுத்துக்கொண்டு அத்தானிடம் போனேன்.

“ஏட்டி, வேண்டாம்” என்றாள் அக்கா.

“மொறைய மாத்தச் சொல்லுதியாக்கா?”

பையை அவர் இடக்கையில் கொடுத்தேன். பிடித்தார், வழுக்கிச் சேற்றில் விழுந்தது. குனிந்து எடுக்கப் பார்த்தார், முடியவில்லை. நாற்காலி சாய்ந்தது. அக்கா அவரைப் பிடித்துக்கொண்டு, கால் விரலால் பையை இழுத்து எடுத்தாள். “வீட்டுக்குப் போவோம்” என்றார் அத்தான்.

சாயங்காலம் தலைக்குழம்பு வைத்தேன். புளி கொஞ்சம் தூக்கல், தேங்காய் அரைத்து விட்டது. கொடுவாத் தலையில் கன்னச்சதை இருக்கிறதே, வெண்ணெய். மகன் இரண்டாம் முறை சோறு வாங்கினான்.

“மஸ்த்தா இருக்கும்மா. பெரியப்பாவுக்குக் குடுத்தியா?”

“குடுத்தேன். அவிய பங்கு அவியளுக்கு.”

பிறகு அக்கா போன் பண்ணினாள். அத்தான் கட்டிலை விட்டு எழுந்திருக்கவில்லையாம், ரெண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லையாம். “சொவத்தையே பாத்துட்டுக் கெடக்காகட்டி. நீயெல்லாம் மனுசியா?”

“ஒங்க வீட்டுச் சொவத்துக்கு என்னக்கா, நல்ல பெயிண்ட்தான அடிச்சிருக்கீக” என்றேன். வைத்துவிட்டாள். அதற்கப்புறம் பேசவில்லை. அத்தானுடைய வெளிநாட்டுத் தூண்டிலைப் பங்காருக்கு, பழைய சாமான் கடைக்குப் போட்டுவிட்டதாகக் கேள்விப்பட்டேன். என்னிடம் கொடுத்திருக்கலாம், ரீல் மட்டும் நல்ல ரீல்.

இப்போது மடையின் வாய்க்கு நேரே நான்தான் நிற்கிறேன். நாற்காலி இல்லாததால் கையை நன்றாக வீச முடிகிறது. போன ஞாயிறு இன்னொரு கொடுவா, சினையோடு. அக்கா வீட்டுக்கு ஒரு துண்டு கொடுத்து விடலாமே என்று யாரோ ஆரம்பித்தார்கள். கரைக்கு வராதவர்களுக்குப் பங்கு கிடையாது என்று சொல்லிவிட்டு, சினையை நானே எடுத்துக்கொண்டேன். மிளகாய்த்தூள் போட்டு வறுத்தால் அப்படி இருக்கும்.