இடது காலை வைத்து வந்த மணப்பெண்

எனக்குக் கோபம் சட்டென்று வரும், சட்டென்று போகாது. ஸ்காபரோவில் அப்போது வந்துகொண்டிருந்த ஒரு தமிழ் மாதப் பத்திரிகையின் ஓவியர் மீது வந்த கோபம் இன்னும் போகவில்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஸ்காபரோவின் வோபர்ன் பகுதியில் ஒரு வீட்டின் பேஸ்மென்டில் பத்திரிகை தயாரானது. கிழமை நாட்களில் எனக்கு மிசிசாகாவில் வேலை. சனி, ஞாயிறுகளில் அங்கே போய்க் கம்ப்யூட்டரில் தமிழ் அடித்துக் கொடுப்பேன். ஆனால் என் உயிர் படம் கீறுவதில் இருந்தது. ஒரு யார்ட் சேலில் பெட்டி நிறைய அமெரிக்கக் கதைப் பத்திரிகைகள் வாங்கியிருந்தேன், நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தவை. கடற்கொள்ளையர், புயலில் சாயும் கப்பல், பனிக்குள் குதிரைக்காரன். படம் முழுவதையும் இருட்டாக்கிவிட்டு ஒரு முகத்தில் மட்டும் வெளிச்சத்தை விழவைக்கும் வித்தையை அவற்றைப் பார்த்துத்தான் பழகினேன்.

பழகி, எங்கள் தொடர்கதைக்குச் சொந்தமாகச் சில படங்கள் கீறிக்கொண்டு போனேன். ஓவியர் தூக்கிப் பார்த்தார்.

"உது காப்பி, தங்கச்சி. இங்கிலிஷ் புத்தகத்தைப் பாத்துக் கீறினது."

எல்லோருக்கும் முன்னால் சொன்னார். பத்திரிகை ஆசிரியரும் நம்பிவிட்டார். புத்தகங்களைப் பார்த்தால் உண்மை தெரியும் என்று நினைத்து, மடைச்சி நான், பெட்டியை அப்படியே அந்த ஓவியரிடமே கொடுத்தேன். பெட்டி திரும்பி வரவில்லை. காப்பிக்காரி என்ற பெயர்தான் மிஞ்சியது.

கொஞ்ச நாளில் அவருடைய படங்களில் திடீரென்று வெளிச்சம் விழத் தொடங்கியது. "அண்ணையின்ர கை என்ன மாதிரித் திறந்திட்டுது!" என்று ஆட்கள் வியந்தார்கள். எனக்கு மட்டும் ஒன்று உறுத்தியது. அவருடைய வீரர்கள் எல்லோரும் இடது கையால் வாள் வீசினார்கள். பெட்டியைக் கொடுக்கும் முன்பே பிடித்த படங்களைப் போட்டோகொப்பி எடுத்து அறைச் சுவரில் ஒட்டியிருந்தேன். பத்திரிகையை முகம் பார்க்கும் கண்ணாடிக்கு முன்னால் பிடித்தேன். அட பாவி! கண்ணாடிக்குள் என் சுவர்ப் படம் நின்றது. ஒருவரும் கண்டுபிடிக்கக் கூடாதென்று பக்கத்தைப் பின்பக்கமாகத் திருப்பி, வெளிச்சத்தில் பிடித்து ட்ரேஸ் பண்ணியிருக்கிறார்.

அன்றைக்கே கத்தியிருக்கலாம். காப்பிக்காரி சொன்னால் யார் கேட்பார்கள்? பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

கலியாணச் சிறப்பிதழ் வந்தது. அந்தப் பெட்டியில் ஒரு படம் இருந்தது எனக்கு நல்ல ஞாபகம்: படகிலிருந்து ஒரு பெண் வலது காலைக் கரையில் வைக்கிறாள், கையில் விளக்கு. அதன் போட்டோகொப்பியும் என் சுவரில் இருந்தது. ஓவியர் பக்கத்தில் நிற்கும்போது ஆசிரியரிடம் தேனாகச் சொன்னேன்.

"புதுப்பொம்பிளை விளக்கோட வீட்டுக்குள்ள காலடி வைக்கிற படத்தை அட்டையில போட்டா என்ன, அண்ணை?"

ஓவியரின் கண் மின்னியதை நான் பார்த்தேன். வழக்கம்போலக் கடைசி நேரத்தில் கொண்டுவந்து கொடுத்தார். கூறைச் சேலை, குத்துவிளக்கு, வாசற்படி. படியில் இடது கால். அவசரத்தில் ஆசிரியர் வெளிச்சத்தை மட்டும் பார்த்துப் புகழ்ந்தார். நான் அட்டைத் தலைப்பை அடித்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

புத்தகம் கடைகளுக்குப் போனதும் டெலிபோன் ஓயவில்லை. ஒரு அன்ரியின் குரல் ரிசீவரைத் தாண்டிக் கேட்டது. "பொம்பிளை இடது காலையோ வைச்சு வாறது? என்ர மகளின்ர கலியாண வாழ்த்தை உந்த அட்டைக்குப் பின்னாலயே போட்டனீங்கள்? மூதேவி பிடிச்ச வேலை!"

ஆசிரியர் ஓவியரைக் கூப்பிட்டு நிற்கவைத்தார். "கலைக்கு இடமென்ன, வலமென்ன" என்று அவர் இழுத்தார். நான் அந்தப் படகுப் பெண்ணின் போட்டோகொப்பியை மேசையில் வைத்தேன். அட்டைக்கு எதிரே என் கைக்கண்ணாடியைப் பிடித்தேன். அறையிலிருந்த எல்லோரும் குனிந்து பார்த்தார்கள்.

"உது காப்பி, அண்ணை" என்றேன். அந்த மூன்று சொல்லைச் சொல்ல எவ்வளவு காலம் காத்திருந்தேன்! தேன் குடித்தது போல இருந்தது.

அடுத்த இதழுக்கு ஆசிரியர் என்னிடம் படம் கேட்டார். அதைவிட இனித்தது வேறொன்று. அந்த ஞாயிற்றுக்கிழமை ஓவியர் பெட்டியைச் சுமந்துகொண்டு என் அப்பார்ட்மென்ட் வாசலில் வந்து நின்றார். வேர்த்திருந்தது, தலையை நிமிர்த்தவில்லை. கதவை அகலத் திறந்து பிடித்தேன்.

"வாங்கோ அண்ணை. வலது காலை வைச்சு வாங்கோ."