யார் தூங்கக் கூடாது

வாஷிங் மெஷினுக்குக் கையேடு எழுதிக்கொண்டிருந்தவரைக் கொண்டுபோய் கர்னலுக்கு எழுத உட்கார வைத்தார்கள். ஆபீஸில் அவருக்கு மேனுவலக்கா என்று பெயர். "மூடியைச் சாத்தவும், பச்சைப் பொத்தானை அழுத்தவும்" என்று அவர் எழுதினால் யாருக்கும் சந்தேகம் வராது. அந்தப் பிரிவை இழுத்து மூடிய பிறகு, கர்னல் குழுவில் ஜன்னலோரமாக ஒரு நாற்காலி கிடைத்தது. கர்னல் என்பது கம்ப்யூட்டரின் அடியில் உட்கார்ந்துகொண்டு, எந்த வேலை இப்போது ஓடலாம், எது காத்திருக்க வேண்டும் என்று பார்த்துக்கொள்கிற நிரல். சேர்ந்தபோது அக்காவுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

முதலில் பூட்டுகளைப் பற்றி ஒரு பக்கம் எழுதச் சொன்னார்கள். இரண்டு வேலைகள் ஒரே தகவலில் ஒரே சமயத்தில் கை வைத்தால் தகவல் கெட்டுப்போகும். அதனால் கை வைப்பதற்கு முன், ஒரு நேரத்தில் ஒன்றுக்கு மட்டுமே கிடைக்கிற பூட்டை வாங்க வேண்டும். அதில் ஸ்பின்லாக் என்று ஒரு வகை. பழைய குறிப்பில் அதற்கு ஒரே வரிதான் இருந்தது: "இங்கே தூங்கக் கூடாது."

தூக்கம் என்றால், ஒரு வேலை ஓரமாக ஒதுங்கி பிராசஸரை அடுத்ததற்கு விட்டுக்கொடுப்பது. அதுவரை சரி. தூங்கக் கூடாதது யார்?

கர்னலில் அந்தப் பகுதியை எழுதிய தாடிக்காரரிடம் போய்க் கேட்டார்.

"காத்திருக்கிறவன் தூங்க மாட்டான்க்கா. கிடைச்சுதா, கிடைச்சுதான்னு பாத்துக்கிட்டே நிப்பான். அதான் ஸ்பின், சும்மா சுத்துறது."

அக்கா அப்படியே எழுதினார். சரிபார்க்கிற அம்மா அதைச் சிவப்பில் அடித்துவிட்டார். முன்பு கல்லூரியில் பாடம் எடுத்தவர் என்பதால் அவரை டீச்சர் என்பார்கள்.

"காத்திருக்கிறவங்க இல்லைங்க. பூட்டைக் கையில வச்சிருக்கிறவங்கதான் தூங்கக் கூடாது."

"அவரு வேற மாதிரி சொன்னாரே."

"அவரு சொன்னது தப்புன்னு நான் சொல்லலையே."

அக்காவுக்குத் தலை சுற்றியது. மறுநாள் காலை, ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் கணவர் டியூட்டி முடிந்து வந்ததும், டீயைக் கையில் கொடுத்து முழுக் கதையையும் சொன்னார். "இப்போ நீங்களே சொல்லுங்க, யாரு தூங்கக் கூடாது?" என்று திரும்பினால், அவர் சோபாவில் சாய்ந்து தூங்கிப் போயிருந்தார்.

வேறு வழியில்லாமல் தாடிக்காரரையும் டீச்சரையும் ஒரே அறையில் உட்கார வைத்தார். கொஞ்ச நேரம் வாக்குவாதம் நடந்தது. பிறகுதான் ஒருவர் கதவுக்கு வெளியே நிற்பவரையும் இன்னொருவர் உள்ளே இருப்பவரையும் பற்றிப் பேசிக்கொண்டிருப்பது தெரிந்தது. அக்கா எழுதினார்: "காத்திருப்பவர் தூங்குவதில்லை. வைத்திருப்பவர் தூங்கக் கூடாது. தூங்கினால் வெளியே நிற்பவர்கள் வீணாகச் சுற்றிக்கொண்டே இருப்பார்கள்." இருவரும் தலையாட்டினார்கள். அக்காவுக்கு அப்பாடா என்றிருந்தது.

"ஒண்ணு விட்டுப்போச்சு," என்றார் டீச்சர். "ரியல் டைம் கர்னல்னு ஒண்ணு இருக்கு, அவசர வேலை வந்தா உடனே ஓட விடுறது. அதுல இதே பூட்டுக்குக் காத்திருக்கிறவங்க தூங்குவாங்க."

"அப்போ அதுக்கு ஏன் ஸ்பின்லாக்னு பேரு?"

"பேரு அப்படியே நின்னுபோச்சுக்கா," என்றார் தாடிக்காரர்.

"வச்சிருக்கிறவங்க?"

"அவங்களாவே தூங்கக் கூடாது. ஆனா அவங்கள நடுவுல ஓரங்கட்டிட்டு வேற ஒரு வேலை ஓடலாம்," என்றார் டீச்சர்.

"ஓரங்கட்டுறதும் தூங்குறதும் ஒண்ணா?"

"இல்ல," என்றார் டீச்சர். "ஏறக்குறைய," என்றார் தாடிக்காரர். இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன.

அக்கா ரியல் டைம் பற்றி இன்னொரு பத்தி சேர்த்து, இந்த இடத்தில் விஷயம் தெரிந்தவர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை என்று வெளிப்படையாகப் போட்டுவிட்டார். அந்த வரியை எடுக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. பக்கம் வெளியானது.

சில வாரம் கழித்து, எங்கேயோ இருக்கிற ஒரு புரோகிராமர் அக்காவுக்கு எழுதியிருந்தார். இவ்வளவு நாளாக மண்டையைக் குழப்பிய விஷயம் இந்தப் பக்கத்தைப் படித்த பிறகுதான் விளங்கியது என்றார். அக்கா உடனே பக்கத்தைத் திறந்து, அவருக்கு என்ன விளங்கியிருக்கும் என்று முதல் வரியிலிருந்து படித்துப் பார்த்தார். முடித்துவிட்டு மறுபடியும் படித்தார்.

விஷயத்தைக் கேட்டுக் கணவருக்கு ஒரே சந்தோஷம். "அப்போ உனக்கும் புரிஞ்சிடுச்சுன்னு அர்த்தம்."

"எழுதுறப்போ புரிஞ்ச மாதிரிதான் இருந்துச்சு," என்றார் அக்கா.