கல்யாணிக்கு என்ன நட்சத்திரம்?

சென்ற வாரம் காட்கோபரிலிருந்து ஆபீசுக்குப் போகும் வண்டியில் நின்றுகொண்டிருந்தேன். மாட்டுங்காவில் ஏறிய பழைய அண்டை வீட்டுக்காரர் ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் தோளைத் தொட்டார். "பர்வதம் மாமி போயிட்டா, சார். தெரியுமோ?" என்றார். தெரியாது. தாதரில் உட்கார இடம் கிடைத்தது. நான் கடைசி ஸ்டேஷன் வரை நின்றுகொண்டே போனேன்.

மாட்டுங்காவில் எங்கள் பழைய கட்டடத்தில் குடியிருந்தவர்களுக்கு மாமியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பாலக்காட்டுக்காரர். குழந்தை இல்லை. வீட்டில் பேசியது தமிழானாலும் படித்தது மலையாள எழுத்து. பம்பாய்க்கு வந்த பிறகு, தொடர்கதைகளுக்காகவே தமிழ் எழுத்தைக் கற்றுக்கொண்டார். சென்னையிலிருந்து பத்திரிகை வந்து சேரும் அன்று மத்தியானம் இரண்டாம் மாடி வராந்தாவில் கூட்டம் கூடிவிடும். மாமி எழுத்துக் கூட்டி உரக்கப் படிப்பார். தமிழ் படிக்கத் தெரியாத மற்ற மாமிகள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்பார்கள்.

அந்தப் பத்திரிகையில் என் கதையும் வந்துகொண்டிருந்தது. ஒருநாள் மாடிப்படியில் என்னை நிறுத்தினார். "நன்னாத்தான் எழுதறேள். ஆனா ஒரு வாக்கியத்தை ஆரம்பிச்சா முடியறதுக்குள்ள எனக்கு மூச்சு முட்டறது. நடுவில கொஞ்சம் நிறுத்தப்படாதோ?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. என் நடையை யாராவது மெச்சமாட்டார்களா என்று ஏங்கிக்கொண்டிருந்த காலம் அது. இருந்தாலும் அடுத்த அத்தியாயத்தை வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். மாமிக்கு மட்டுமல்ல, எனக்கே மூச்சு முட்டியது.

பிறகு யுத்தம் வந்தது; காகிதத் தட்டுப்பாடும் கூடவே வந்தது. பத்திரிகை இளைத்துக்கொண்டே போயிற்று. கதையைச் சீக்கிரம் முடிக்கும்படி ஆசிரியர் சொல்லிவிட்டார். ஆபீஸ் வேலையோ கழுத்தை நெரித்தது. யார் படிக்கிறார்கள், எதற்காக எழுதுகிறோம் என்று ஒரே அலுப்பு. கதாநாயகி கல்யாணிக்கு ஏற்கெனவே டைபாய்டு ஜுரத்தை வரவழைத்திருந்தேன். அடுத்த அத்தியாயத்தில் அவளைச் சாகடித்துவிட்டு, எழுத்துக்கும் ஒரேயடியாக முழுக்குப் போட்டுவிடுவது என்று தீர்மானித்தேன். அத்தியாயம் பாதி எழுதியும் ஆயிற்று.

அந்த வெள்ளிக்கிழமை காலை மாமி பூக்கூடையோடு எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"கோவிலுக்குப் போறேன். கல்யாணிக்கு என்ன நட்சத்திரம்?"

"எந்தக் கல்யாணி?"

"ஜுரத்தில கிடக்காளே, நம்ம கல்யாணிதான். அவ பேர்ல ஒரு அர்ச்சனை பண்ணலாம்னு."

"மாமி, அவ கதையில வரவ!"

"அது எனக்குத் தெரியாதாக்கும்? அதுக்காக, ஒரு பொண்ணு கிடந்து தவிக்கறதைப் பார்த்துண்டு இருக்க முடியுமோ? சீக்கிரம் சொல்லுங்கோ, நடை சாத்திடுவா."

"எனக்குத் தெரியாதே."

"நன்னாயிருக்கு! பெத்தவருக்கே தெரியலைன்னா நான் யாரைப் போய்க் கேக்கறது?"

வாயில் வந்த ரோகிணியைச் சொல்லி அனுப்பினேன்.

நான் ஆபீசுக்குக் கிளம்புவதற்குள் மாமி திரும்பி வந்துவிட்டார். "அவளுக்கு இட்டு விடுங்கோ" என்று ஒரு விபூதிப் பொட்டலத்தை என் கையில் வைத்துவிட்டுப் போனார். எங்கே இடுவது? எழுதி வைத்திருந்த தாள்களின் மேல் வைத்தேன். முதலில் சிரிப்பு வந்தது. பிறகு கண் கலங்கிவிட்டது. இனி அவளை எந்தக் கையால் சாகடிப்பது? தாள்களைக் கிழித்துப் போட்டேன். கல்யாணி பிழைத்தாள். நானும் பிழைத்தேன், இன்றுவரை எழுதிக்கொண்டிருக்கிறேன். பாராட்டு என்று நான் ஏங்கியது எத்தனை சின்ன விஷயம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

நேற்று அந்தக் கோவிலுக்குப் போனேன். காட்கோபருக்குக் குடிபோன பிறகு அந்தப் பக்கம் போனதேயில்லை. அர்ச்சனைத் தட்டை நீட்டி, "ரோகிணி நட்சத்திரம், கல்யாணி" என்றேன். நான் கோத்திரத்தைச் சொல்வதற்குள் குருக்களே, "ஸ்ரீவத்ஸ கோத்திரம்" என்று ஆரம்பித்துவிட்டார். அது என் கோத்திரம் அல்ல, மாமியுடையது. கதை முடிந்து இத்தனை காலத்துக்குப் பிறகும், வெள்ளிக்கிழமை தவறாமல் மாமி கல்யாணிக்கு அர்ச்சனை செய்துவந்திருக்கிறார்.

குருக்கள் தட்டைத் திருப்பித் தந்தார். "பர்வதம் மாமியோட பொண்ணுதானே? நான் ஒருநாளும் பார்த்ததில்லை. கடைசிக் காலத்திலயாவது அம்மா பக்கத்தில இருந்தாளோ?" என்று கேட்டார்.

"இருந்தா" என்றேன். "இனிமே அவ அர்ச்சனைக்கு நான் வரேன்."