சேவல் திறந்து நிற்கட்டும்

ஈர இலைகளின் வாசம். அதற்குள் கொஞ்சம் இரும்பின் வாசம்... வெளிச்சுவரில் இருந்த தண்ணீர்ப் பைப்பைத் தொட்டால் அந்த வாசம் கையோடு வீட்டுக்குள் வரும்.

இக்காஸ்ட் என்ற டெனிஷ் ஊர். ஒக்டோபர். எனக்கு ஒன்பது வயது.

மூன்றாம் மாடி ஃபிளாட்டை விட்டு, தோட்டம் வைத்த வீட்டுக்கு நாங்கள் வந்து ஐந்து மாதம். அதுவரை குளிர்காலம் என்றால் எங்களுக்கு ஜாக்கெட்டும் சப்பாத்தும்தான். வீட்டுக்கும் குளிரும் என்று யாரும் சொல்லியிருக்கவில்லை.

பக்கத்து வீட்டு கார்ல் சொன்னார். அவருடைய யூலன்ட் வட்டார டெனிஷ் அப்பாவுக்குப் பிடிபடவில்லை. இரண்டு முறை சொல்லிப் பார்த்தவர், பிறகு ஒரு தாளில் எழுதித் தபால் பெட்டியில் போட்டுவிட்டுப் போனார்.

எங்கள் வீட்டில் தாள் என்றால் நான். வங்கி, பள்ளிக்கூடம், கொம்யூன் என்ற நகரசபை... எந்தக் கடிதம் வந்தாலும் சாப்பாட்டு மேசையில் என் தட்டுக்குப் பக்கத்தில் இருக்கும்.

"வாசி பிள்ளை." அப்பா ஃபாக்டரி உடுப்போடு நின்றார்.

வாசித்தேன். கூரைப் பீலிக்குள் அடைத்திருக்கும் இலைகளை அள்ள வேண்டும். தோட்டத்துக் கதிரைகள் ஷெட்டுக்குள் போக வேண்டும். டாலியாக் கிழங்குகளைக் கிண்டி உள்ளே வைக்க வேண்டும்.

"டாலியாவுக்குக் கிழங்கோ?" குசினிக்குள் இருந்து அம்மா. "அவிக்கலாமோ எண்டும் கேள்."

கடைசி வரி. உள்ளே தண்ணீரைப் பூட்டுங்கள், ஹானெ திறந்து நிற்கட்டும்.

டெனிஷில் ஹானெ என்றால் சேவல். முதலாம் வகுப்புப் படப் புத்தகத்தில் இருந்தது. சிவப்புக் கொண்டையோடு.

சேவல் திறந்து நிற்கட்டும்.

எங்களிடம் சேவல் இல்லை. கார்லிடமும் இல்லை. அப்பா என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். விளங்கவில்லை என்று சொன்னால் போதும். சொன்னால் அடுத்த கடிதம் வேறு யாரிடமோ போய்விடும் என்று பயந்தேன்.

"தண்ணியை நல்லா இறுக்கிப் பூட்டட்டாம்."

அப்பா வெளியே போய் அந்தப் பைப்பை இறுக்கினார். ஸ்பேனரால் இன்னும் ஒரு சுற்று. அதற்கு மேல் அம்மாவின் பழைய சேலைத் துண்டைச் சுற்றிக் கயிற்றால் கட்டினார். எட்ட நின்று பார்த்தார்.

"இனி என்ன குளிரெண்டாலும் வரட்டும்."

வந்தது. பெப்ரவரியில் ஒரு சனிக்கிழமை காலை குளிர் விட்டுப்போனது. போன கையோடு சலவை அறைச் சுவர் வியர்த்தது. பிறகு சுவருக்குள்ளிருந்து தண்ணீர்.

கார்ல் சப்பாத்தோடு ஓடி வந்தார். சலவைத் தொட்டிக்குக் கீழே கையை விட்டு, அங்கே இருப்பதே எங்களுக்குத் தெரியாத ஒரு திருகை மூடினார். தண்ணீர் நின்றது.

அந்தத் திருகை மூடிவிட்டு வெளிப் பைப்பைத் திறந்து விட்டிருந்தால், குழாயில் மிச்சமிருந்த தண்ணீர் வடிந்து போயிருக்கும். நாங்கள் இறுக்கிப் பூட்டியதால் உள்ளேயே உறைந்து குழாயை வெடிக்க வைத்திருக்கிறது. ஹானெ. பைப்புக்கும் அதே சொல்தான்.

"நான் எழுதித் தந்தேனே... வாசிக்கவில்லையா?"

கார்ல் மெதுவாகக் கேட்டதால் அப்பாவுக்கு விளங்கியது. என்னைப் பார்த்தார். ஒரு கணம்தான். நான் என் நனைந்த காலுறையைப் பார்த்தேன்.

"மறந்துவிட்டேன்," என்றார் அப்பா, டெனிஷில்.

கார்ல் போன பிறகு மூவரும் துடைத்தோம். மூன்றாவது வாளியில் சொன்னேன்.

"அப்பா... அதிலை சேவல் எண்டு இருந்தது."

"என்னது?"

"சேவல் திறந்து நிக்கட்டும் எண்டு. எனக்கு விளங்கேல்லை. விளங்கேல்லை எண்டு நான் சொல்லேல்லை."

அம்மா துணியைப் பிழிந்தபடி நிமிர்ந்தார். "சேவலோ? என்னட்டைச் சொல்லியிருந்தா எங்கையாவது ஒண்டைப் பிடிச்சுக் கொண்டுவந்து வாசல்ல கட்டியிருப்பனே!"

அப்பா முதலில் சிரிக்கவில்லை. பிறகு தோள் குலுங்கியது. வாளியை வைத்துவிட்டு ஈரத் தரையிலேயே இருந்துவிட்டார்.

ஆனாலும் திங்கட்கிழமை என் தட்டுக்குப் பக்கத்தில் ஒன்றும் இல்லை. செவ்வாயும் இல்லை.

புதன்கிழமை ஒரு நீள உறை இருந்தது.

"வாசி பிள்ளை. விளங்காட்டி விளங்கேல்லை எண்டு சொல்லு. ரெண்டு பேருமாப் போய்க் கார்லிட்டைக் கேப்பம்."

இரண்டாவது வரியிலேயே ஒரு சொல் விளங்கவில்லை. சொன்னேன். அப்பா ஜாக்கெட்டைப் போட்டார்.

இப்போது எனக்கு டோஸ்ட்ருப்பில் ஒரு சின்ன வீடு. இன்று இலைகளை அள்ளினேன். கதிரைகளை உள்ளே வைத்தேன். உள் திருகை மூடிவிட்டு வெளியே வந்து பைப்பைத் திறந்தேன். கொஞ்சம் ஒழுகியது. விக்கியது. நின்றது.

சும்மா கார்லின் கடைசி வரியை ஃபோனில் அடித்துப் பார்த்தேன். உடனே தமிழில் வந்தது. குழாயைத் திறந்தபடி விடவும்... பிழையே இல்லை. சேவலும் இல்லை. விளங்கவில்லை என்று யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை. ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு யார் கதவையும் தட்டவும் தேவையில்லை. பக்கத்து வீட்டுக்காரரின் பெயர்கூட எனக்குத் தபால் பெட்டியில் பார்த்துத்தான் தெரியும்.

அப்பா எனக்கு ஃபோன் எடுத்தார். தன் கடிதங்களை இப்போது அவரே வாசிக்கிறார். ஒக்டோபரில் மட்டும் தவறாமல் இந்த ஒன்றைக் கேட்பார்.

"குளிர் வருகுது பிள்ளை. சேவல் திறந்து நிக்குதோ?"

கை இன்னும் இரும்பு மணந்தது.

"ஓம் அப்பா. நிக்குது."