டியூப் ரப்பரால் கட்டிய மட்கார்டு

என் மகள் செல்வி காக்களூர் பிஸ்கட் கம்பெனிக்கு மட்கார்டு இல்லாத ரேஸ் சைக்கிளில் வேலைக்குப் போவாள். மழைச்சேறு முதுகில் தெறித்தால் கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று கிளிப் மட்கார்டு வாங்கினாள். அந்தச் சின்னக் கிளிப்பை நான் நம்பவில்லை. கேரியரில் தண்ணீர்க் குடம் கட்டுவதுபோல், மட்கார்டைச் சைக்கிள் கம்பியோடு சேர்த்து டியூப் ரப்பரால் சுற்றி இறுக்கினேன்.

"பிரேக்கு டைட்டா இருக்குதும்மா."

"நான் கட்டாத குடமாடி? பேசிக்கினு நிக்காத, கெளம்பு."

தெருமுனையில் லாரி திரும்பியது. செல்வி பிரேக்கை அழுத்தினாள், சைக்கிள் நிற்கவில்லை. டீக்கடையில் நின்ற வடநாட்டுத் தொழிலாளி ஒருவர் பாய்ந்து சீட்டைப் பிடித்து இழுத்தார். இருவரும் சேற்றில் விழுந்தார்கள். லாரி உரசாமல் போனது.

அவர் எழுந்து, ரப்பருக்குள் இறுகிக் கிடந்த பிரேக் ஒயரைக் காட்டினார்.

"யாரு கட்டினான்?"

செல்வி என்னைப் பார்த்தாள்.

"நான்தாம்ப்பா" என்றேன். லாரியைக் கண்டு நின்ற மூச்சு, அதைச் சொன்ன பிறகுதான் திரும்பியது.