முழங்காலும் காந்தத் தகடும்

போன ஞாயிறு அண்ணன் வீட்டில் பெண் பார்க்கும் படலம். பெண், அண்ணன் மகள் நிரோஷி. ஜேர்மனியில் டொக்டர் பட்டத்துக்குப் பௌதிகவியல் ஆராய்ச்சி செய்கிறாள். லீவு முடிவதற்குள் சம்பந்தம் முடிந்துவிட வேண்டும் என்பது அண்ணனின் தவிப்பு.

மாப்பிள்ளை சுதன், களுதாவளைக்காரர், கணித ஆசிரியர். கூடவே அவர் தாயார்... கையில் எக்ஸ்ரே கவர்.

பெண் பார்க்க எக்ஸ்ரே எதற்கு?

எல்லாம் கலியாணத் தரகர் பார்த்த வேலை. "பிள்ளை இன்ஃப்ரா ரெட் லைட்டில டொக்டராகப் போறா" என்று சொல்லியிருக்கிறார். முழுப் பொய் இல்லைதான். ஆனால் எங்கள் ஊரில் அந்த லைட்டை எங்கே பிடிப்பார்கள்? ஆஸ்பத்திரியில் — முழங்காலுக்கு.

தாயார் காலை நீட்டினார். "இதக் கொஞ்சம் பாருங்க மகள். படி ஏற ஏலாமக் கிடக்கு."

அண்ணன் கண்ணாலேயே கெஞ்சினார் — பார்த்துவிடேன், என்ன குறைந்துவிடும்?

நிரோஷி எக்ஸ்ரேயை மரியாதையாக வாங்கி, மரியாதையாகவே திருப்பிக் கொடுத்தாள்.

"நான் அந்த டொக்டர் இல்ல மாமி. நான் லைட் பிடிக்கிறது காந்தத் தகட்டுக்கு."

அண்ணி பலகாரத் தட்டை இன்னொரு சுற்று நீட்டினார்.

"மறுகா, அந்தத் தகட்டுக்கு என்ன நோய் வருத்தம்?" என்றார் தாயார்.

"வருத்தம் இல்ல மாமி. அதுக்குள்ள கரண்டா ஓடுற இலத்திரனுக்கு ஸ்பின் எண்டு ஒரு குணம் இரிக்கி. ஒவ்வொண்டும் சின்னக் காந்தம் மாதிரி. ஒரு பக்கம் பார்த்தது லேசாப் போகும். மற்றப் பக்கம் பார்த்தது முட்டுப்பட்டுப் போகும். அதப் பார்க்கத்தான் லைட்."

"வயர் பூட்டி மீட்டரால அளக்க ஏலாதா?"

கேட்டது சுதன். வந்ததிலிருந்து அப்போதுதான் வாய் திறந்தார்.

"அளக்கலாம். ஆனா தகடு சரியான மெல்லிசு. வயர் பூட்டுற இடத்திலயே பிழை வரும். லைட் எண்டா தொடத் தேவையில்ல. காந்தப் புலத்த மாத்தினா, தெறிச்சு வாற இன்ஃப்ரா ரெட்டும் கொஞ்சம் மாறும்."

"கொஞ்சமெண்டா?"

"கண்டுபிடிக்கவே ஏலாத கொஞ்சம். மாசக்கணக்கா ஒண்டும் தெரியல்ல. அழுதும் இரிக்கிறன்."

"மறுகா?"

"மறுகா தெரிஞ்சிது."

சுதன் கதிரையை முன்னுக்கு இழுத்தார். தேத்தண்ணீர் ஆறியது. நிறம், உயரம், நாள், நட்சத்திரம் என்று இத்தனையும் விசாரித்த நாங்கள், இந்தப் பிள்ளை எதற்காக அழுதாள் என்று ஒருநாளாவது கேட்டோமா?

போகும்போது தாயார் அண்ணியின் கையைப் பிடித்தார். "பொய் சொல்லத் தெரியாத பிள்ளை கா. எங்களுக்குச் சரி."

"யோசிச்சுச் சொல்றன் மாமி" என்றாள் நிரோஷி. அண்ணனுக்கு வேர்த்துவிட்டது.

இன்னமும் யோசிக்கிறாள். இதற்கிடையில் சுதனிடமிருந்து மணிக்கொரு மெசேஜ். எல்லாம் பௌதிகவியல் சந்தேகங்களாம்...

நாங்களும் நம்பிக்கொண்டிருக்கிறோம்.