தியானம் முடிவதற்குள் மழை வந்துவிட்டது

மழை தொடங்கும் முன் ரப்பர் மரங்களுக்குப் பிளாஸ்டிக் மறைப்பு ஒட்டிவிட வேண்டும். பட்டை நனைந்தால் பசை பிடிக்காது. மறைப்பு இல்லையென்றால் மழைக்காலம் முழுக்கப் பால் வெட்ட முடியாது. எங்கள் மரங்களில் பால் வெட்டும் ஞானதாசுக்கு வேலையும் இருக்காது.

இது தெரிந்தும் சித்திரையிலிருந்து "நாளைக்கு" என்றே சொல்லி வந்தேன்.

இந்தக் குணத்தை மாற்றத்தான் பாறசாலையில் யோகா வகுப்பில் சேர்ந்தேன். தினமும் காலையில் வீட்டில் கண்ணை மூடி, "ஏன் தள்ளிப்போடுகிறேன்?" என்று என்னையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

இன்றும் கேட்டுக்கொண்டிருந்தேன். நல்ல வெயில். பசையோடு வந்த ஞானதாசை என் கணவர் வாசலிலேயே நிறுத்திவிட்டார். பிளாஸ்டிக் சுருள் இருக்கும் அறையின் சாவி என்னிடம்.

"டீச்சர் தியானத்திலாக்கும். இப்பம் விளிக்கப்பிடாது."

கண்ணைத் திறந்தால், மழை கொட்டுகிறது.

"ஒண்ணு தட்டி விளிச்சா என்னவாம்?" என்று கத்தினேன்.

"வீடு இடிஞ்சாலும் எழுப்பாதேயுங்கண்ணு நீதானே சொன்னே!"

ஞானதாஸ் மெதுவாகச் சொன்னார். "ஆரியங்கோட்டில ஒரு தோட்டத்துக்கு ஆளு கேக்கினும் டீச்சர். நான் அங்க போறேன். எனக்கும் பிள்ளைய உண்டுல்லா?"

பள்ளிக்கூடத்தில், பரீட்சைக்குப் படிக்க நேர அட்டவணை போட்டு, கோடு கிழித்து, நிறம் பூசிக்கொண்டே இருந்து, படிக்காமலே வரும் பிள்ளைகளை எத்தனை திட்டியிருக்கிறேன்!

தள்ளிப்போடுவதற்கு வேறு மருந்து தெரிந்தவர்கள் எழுதுங்கள். கண்ணை மூடச் சொல்பவர்கள் மட்டும் தயவுசெய்து வேண்டாம்.